ஏ.சி. நாறுகிறது, சுவர் வியர்க்கிறது: கல்லடி ஆசிரியைக்கு ஒரு பதில்

கேள்வி: நாங்கள் மட்டக்களப்பின் கல்லடியில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் வசிக்கிறோம். எங்கள் படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஓட்டுக்குக் கீழே அஸ்பெஸ்டஸ் தகட்டால் சீலிங் அடித்திருக்கிறோம். கட்டாரில் இருக்கும் தம்பி அனுப்பிய காசில் மூன்று வருடங்களுக்கு முன்னர் 18,000 பி.ரி.யூ. ஏ.சி. ஒன்று பூட்டினோம், இன்வேட்டர் இல்லாதது. போன மாரியிலிருந்து அதைப் போட்ட முதல் ஐந்து நிமிடம், ஈரத்துணியைச் சுருட்டி வைத்தது போன்ற ஒரு மணம் வருகிறது. காற்று வரும் வாயில் கறுப்புப் புள்ளிகள். அலுமாரிக்குப் பின்னால் சுவரிலும் பூஞ்சணம். ஆறு மாதத்தில் இரண்டு தடவை சேர்விஸ் செய்வித்தோம். இரண்டாம் முறை வந்தவர் கேஸ் குறைந்துவிட்டது என்று சொல்லி அதையும் நிரப்பினார். இரண்டு கிழமையில் மணம் திரும்பிவிட்டது. ஏழு வயது மகனுக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருக்கிறது, இரவில் இருமுகிறான். வெக்கைக்குப் பயந்து 18 இல் வைத்துத்தான் படுக்கிறோம். மெஷினை மாற்ற வேண்டுமா? டெட்டோல் கலந்து அடித்தால் சரியாகுமா?

ஓர் ஆசிரியை, கல்லடி

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

மெஷினை வீச வேண்டாம். டெட்டோலும் அடிக்க வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய 18,000, 18 என்ற இரண்டு எண்களிலேயே உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இருக்கிறது. கல்முனையிலிருந்து ஏறாவூர் வரை வீடு வீடாக ஏ.சி. பார்க்கும் தொழிலில் நான் சந்தித்த பூஞ்சண முறைப்பாடுகளில் அநேகமானவற்றை வீட்டார் அழுக்கின் கோளாறு என்றே சொல்லித் தொடங்கினார்கள். பிரித்துப் பார்த்தபோது தண்ணீரின் கோளாறாக இருந்தது. பூஞ்சணத்தின் வித்திகள் எல்லா வீட்டுக் காற்றிலும் எந்நேரமும் இருக்கின்றன, அவற்றை முற்றாக ஒழிக்க எவராலும் இயலாது. தூசி அவற்றுக்குச் சாப்பாடு. ஆனால் அந்தத் தூசி நனைந்து, ஓரிரு நாட்கள் காயாமல் கிடந்தால் மாத்திரமே அவை முளைத்துப் படரும். ஆகவே, எந்த மருந்தை அடித்துக் கொல்வது என்று கேட்பதற்கு முன்னர், எந்த இடத்தில் தண்ணீர் காயாமல் நிற்கிறது என்று கேட்க வேண்டும்.

ஏ.சி. என்றால் குளிராக்கும் இயந்திரம் என்று நினைக்கிறோம். வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கிற உங்கள் ஊரில் அது பாதி நேரம் தண்ணீர் பிழிகிற இயந்திரம். வெளியில் 30 பாகை செல்சியஸ் வெப்பமும் 78 வீத சாரீரப்பதனும் (காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை வீதம் இருக்கிறது என்ற கணக்கு) உள்ள ஒரு நாளில், ஒரு கனமீற்றர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். அதே காற்றை 24 பாகைக்கும் 55 வீதத்துக்கும் கொண்டு வந்தால் 12 கிராம் மாத்திரமே மிஞ்சும். உங்கள் அறை பத்தடி உயரம் என்று எடுத்துக்கொண்டால் அதன் கொள்ளளவு 34 கனமீற்றர்; அறைக்காற்று ஒரு தடவை முழுவதுமாக வெளிக்காற்றாக மாறினால், ஏறத்தாழ 400 மில்லிலீற்றர் தண்ணீரை அந்த மெஷின் புதிதாகப் பிழிந்து வெளியேற்ற வேண்டியிருக்கும். நம்முடைய வீடுகளில் யன்னலுக்கும் கதவுக்கும் மேலே காற்றுக்காக விட்ட துவாரக் கற்களை அடைக்காமலே ஏ.சி. பூட்டிவிடுகிறார்கள். ஓட்டு வீட்டுக்கு அந்தத் துவாரம் நல்ல ஏற்பாடுதான், எங்கள் பெரியவர்கள் காற்றின் போக்கை அறிந்து விட்டது அது. ஆனால் அதே அறையில் ஏ.சி. ஓடும்போது, அது கடற்கரைக் காற்று முழுவதையும் உலர்த்த முயல்கிற கதையாகிவிடும். உங்கள் அறையில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று இன்றே அண்ணாந்து பாருங்கள். உட்பெட்டியிலிருந்து குழாய் வெளியே போகிற சுவர்த் துளையையும் பாருங்கள். அதைச் சுற்றிச் சீமெந்தோ புட்டியோ வைத்து அடைக்காமல் விட்டிருந்தால், வெளியீரம் நேராகப் பெட்டியின் முதுகில் வந்து படிந்துகொண்டிருக்கும்.

இனி 18,000 என்ற எண்ணுக்கு வருகிறேன். பி.ரி.யூ. என்பது மெஷின் ஒரு மணித்தியாலத்தில் அகற்றக்கூடிய வெப்பத்தின் அளவு. உங்கள் அளவு அறைக்கு 9,000 பி.ரி.யூ. போதும், ஓட்டின் வெக்கை சீலிங்கால் கூடுதலாக இறங்குமானால் 12,000 பூட்டலாம். பெரிது வாங்கினால் விரைவில் குளிரும், தம்பியின் காசும் வீண்போகாது என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். விரைவில் குளிர்வதுதான் இங்கே குற்றம். காற்றைக் குளிராக்குவது சில நிமிட வேலை. காற்றிலிருந்து நீரைப் பிழிவதற்கோ உள்ளே இருக்கிற குளிர்ச் சுருளாகிய கொயில் தொடர்ந்து நெடுநேரம் குளிர்ந்திருக்க வேண்டும். அளவுக்கு மீறிய மெஷின் அறையைச் சட்டென்று குளிராக்கிவிட்டு, குளிரை உண்டாக்கும் கொம்பிறசரை நிறுத்துகிறது. கொயிலின் தகடுகளில் முத்து முத்தாகத் தொங்கிய நீர் தட்டில் வடிந்து வெளியேறுவதற்கு முன்னர், நிற்காமல் சுழல்கிற உள் விசிறி அதைத் திரும்பவும் அறைக்குள்ளேயே ஊதிவிடுகிறது. இப்படி இரவு முழுவதும் நின்று நின்று ஓடுகிற, நிற்காமல் வேகத்தை மாத்திரம் குறைத்துக்கொள்ளும் இன்வேட்டர் வசதி இல்லாத மெஷின் உள்ள அறை குளிர்ந்திருக்கும், ஆனால் உலர்ந்திருக்காது. போர்வை பிசுபிசுப்பதையும், மகனின் கொப்பித் தாள்கள் துவண்டு கிடப்பதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

18 என்ற எண்ணின் வேலை வேறு. மாரி இரவுகளில் நமது வெளிக்காற்றின் பனிபடுநிலை 24 பாகை அளவில் நிற்கும். அதாவது 24 பாகையை விடக் குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் அந்தக் காற்று பட்டவுடன் நீராகப் படியும். குளிர்ந்த சோடாப் போத்தலை மேசையில் வைத்தால் அது வியர்ப்பது இதனால்தான். நீங்கள் இரவு முழுவதும் 18 இல் வைத்து சுவரையும் அலுமாரியையும் சீலிங்கையும் சோடாப் போத்தலாக்கி வைத்திருக்கிறீர்கள். காலையில் கதவைத் திறந்ததும் கூடத்திலிருந்து வருகிற ஈரக்காற்று அவற்றின்மேல் படிகிறது. அலுமாரிக்குப் பின்னால் காற்றோட்டமும் வெளிச்சமும் இல்லாதபடியால் அங்கே படிந்தது பகல் முழுவதும் காய்வதில்லை. மறுநாள் அதன்மேலே மீண்டும் படிகிறது. சீலிங்கின் மேற்பக்கத்திலும், நீங்கள் காண முடியாத இடத்தில், இதுவே நடக்கக்கூடும்.

மணம் ஏன் முதல் ஐந்து நிமிடத்தில் மாத்திரம் வருகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். காலையில் மெஷினை நிறுத்தும்போது உள்ளே கொயிலும், அதன் கீழே உள்ள நீர்த் தட்டும், தட்டுக்கு அருகே கிடக்கிற நீண்ட உருளை விசிறியும் நனைந்தபடியே மூடிய பெட்டிக்குள் பகல் முழுவதும் இருட்டில் கிடக்கின்றன. அங்கே வளர்கிற பூஞ்சணமும் பற்றீரியாவும் வெளிவிடும் வாயுக்கள் பெட்டிக்குள் தேங்கி நின்று, இரவு நீங்கள் போட்டவுடன் ஒரே மூச்சில் வெளியே வருகின்றன. பிறகு மூக்குப் பழகிவிடுகிறது, காற்றும் கலைந்துவிடுகிறது. மணம் போய்விட்டதென்று அர்த்தமில்லை.

கேஸைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் எங்கள் தொழிலுக்கு இதனால் கெட்ட பெயர் வருகிறது. ஏ.சி.க்குள் இருக்கிற வாயு மோட்டார் சைக்கிளின் பெற்றோல் போல ஓட ஓடத் தீர்வதில்லை; அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது என்று பொருள், அந்த ஒழுக்கைக் கண்டுபிடித்து ஒட்டாமல் நிரப்புவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவதே. வாயு குறைந்தால் கொயிலின் ஒரு பகுதியில் பனிக்கட்டி பிடிக்கும், அது உருகித் தட்டுக்கு வெளியே சொட்டும். ஆனால் நீங்கள் எழுதிய மணத்துக்கும் வாயுவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மேலும், உங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை நடந்த சேர்விஸ், தூசியைப் பிடிக்கும் வடியை (பில்டரை) கழற்றிக் கழுவி, கொயிலின் முன்பக்கத்துக்குக் காற்றடித்துவிட்டுப் போகிற அரை மணித்தியால வேலையாக இருந்திருக்கும் என்றே ஊகிக்கிறேன். காற்றடிப்பது பூஞ்சணத்தை அகற்றுவதில்லை. உலர்ந்த வித்திகளை அறையெங்கும், உங்கள் மகனின் மெத்தை உட்பட, தூவிவிடுகிறது.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். டிரிப் சுவிட்சை இறக்கிவிட்டு, காற்று வரும் வாயின் மடலைக் கையால் மெதுவாகத் திறந்து, ரோச் லைற்றை உள்ளே அடித்துப் பாருங்கள். நீளவாக்கில் சிறு சிறு இறக்கைகளோடு ஓர் உருளை தெரியும். அந்த இறக்கைகளின் உட்குழிவில் கறுத்த மாவு போல அப்பியிருந்தால் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது, அதை வடி கழுவித் தீர்க்க முடியாது. உருளையைக் கழற்றிக் கழுவ வேண்டும். நீர்த் தட்டையும் கழற்ற வேண்டும். கொயிலை, பெட்டிக்குக் கீழே பிளாஸ்ரிக் பை கட்டி, மின்சுற்றுப் பலகையை மூடி, கொயிலுக்கென்று விற்கிற மென்மையான திரவத்தால் ஊறவைத்துத் தண்ணீர்ப் பம்பால் முன்னும் பின்னும் கழுவ வேண்டும். இது இரண்டு, மூன்று மணித்தியால வேலை. அடுத்த முறை ஆளை அழைக்கும்போது, உருளையையும் தட்டையும் கழற்றுவீர்களா என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். தேவையில்லை என்று சொல்பவரை அழைக்காதீர்கள். வேலை முடிந்ததும் தட்டில் ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றச் சொல்லி, வெளிக் குழாயின் வாயில் அது தடையின்றி ஓடி வருகிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் குழாய்க்குள் வழுவழுப்பான பாசி அடைத்திருக்கிறது, அல்லது குளவி மண்கூடு கட்டியிருக்கிறது, அல்லது குழாய் நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்குகிறது. குழாயின் நுனி வாளித் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கவும் கூடாது. ஒரு வீட்டில் அந்தத் தண்ணீரைப் பூச்செடிக்கு விடுகிறோம் என்று நுனியை மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்தார்கள்; செடி செழிப்பாக இருந்தது, ஏ.சி. பெட்டி சுவரில் வழிந்துகொண்டிருந்தது. சுவரின் வழியே போகிற இரண்டு செப்புக் குழாய்களின் மேலுள்ள கறுப்பு உறை பிய்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டுக்கும் தனித்தனி உறை வேண்டும்.

டெட்டோலை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், அழுக்குப் படலத்தின்மேல் கிருமிநாசினியை அடித்தால் அது படலத்தின் மேற்புறத்தோடு நின்றுவிடும். மணம் மறையும், படலம் மறையாது. தொய்வுள்ள பிள்ளை அந்தக் காற்றையே இரவு முழுவதும் சுவாசிக்கும். குளோரீன் கலந்த வெளிற்றும் திரவத்தை மெஷினுக்குள் ஊற்றவே கூடாது. கடலுப்பு ஏற்கெனவே தின்றுகொண்டிருக்கிற உங்கள் கொயிலின் அலுமினியத்தையும் செப்பையும் அது இன்னும் வேகமாகத் தின்னும். அந்தத் திரவத்தைக் கழிவறை கழுவும் அமிலத்தோடோ அமோனியா உள்ள திரவத்தோடோ எக்காரணம் கொண்டும் கலக்க வேண்டாம், நச்சு வாயு வெளிவரும். மணத்தைப் போக்க அறைக்குள் சாம்பிராணி போடுகிற வழக்கமும் பல வீடுகளில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை நான் தடுக்க வரவில்லை. அதைக் கூடத்தில் போடுங்கள். மூடிய ஏ.சி. அறையில் அதன் புகை மகனுக்கு இருமலைக் கூட்டும், கொயிலில் பிசுபிசுப்பாகப் படிந்து தூசியைப் பிடித்து வைக்கும்.

சுவருக்கு வருவோம். அலுமாரியை நான்கு விரற்கடையாவது முன்னுக்கு இழுத்து, பூஞ்சணத்தைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை வீசிவிடுங்கள். உலர்ந்தபடி தும்புத்தடியால் தட்ட வேண்டாம். முகக்கவசமும் றப்பர் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், அன்று மகன் அந்த அறைக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூஞ்சணம் ஒரு சதுர மீற்றருக்கு மேல் படர்ந்திருந்தால் நீங்களாகத் துடைக்காமல் ஆள் வைத்துச் செய்யுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்த பின், சமையலறை அலுமினியத் தாளில் ஒரு சாண் அகலத் துண்டை எடுத்து நான்கு ஓரமும் ரேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் வியர்த்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது, நான் மேலே சொன்ன கதைதான். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவரே ஈரத்தை இழுக்கிறது. வெளிப்பூச்சில் வெடிப்போ பீலி ஒழுக்கோ இருக்கும். கரையோர வீடுகளில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு: உப்புக் கலந்த மணலால் பூசிய சுவர். சாதாரண உப்பு, சாரீரப்பதன் 75 வீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சி நீராகக் கசியத் தொடங்கும். அப்படிப்பட்ட சுவரில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், எத்தனை தடவை பெயின்ற் அடித்தாலும் உரிந்து விழும். பூச்சை உடைத்து நல்ல ஆற்று மணலால் திரும்பப் பூசுவதைத் தவிர வேறு வழியில்லை.

சீலிங்கில் புள்ளி இருந்தால் மிகுந்த கவனம் தேவை. அஸ்பெஸ்டஸ் தகட்டை உரசவோ, மட்டத்தாளால் தேய்க்கவோ, துளைக்கவோ வேண்டாம். அதன் நுண்ணிய நார்கள் சுவாசப்பைக்குப் பூஞ்சணத்தை விடப் பொல்லாதவை. ஈரத்துணியால் மெதுவாக ஒற்றித் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடிந்த பின் மெஷினை எப்படி ஓட்டுவது? வெப்பநிலையை 25 அல்லது 26 இல் வைத்து, சீலிங் விசிறியை மெதுவாகச் சுழலவிடுங்கள். உடலுக்கு அது போதிய குளிரைத் தரும், சுவரும் வியர்க்காது. ஆனால் ஒரு சிக்கலை மறைக்கக்கூடாது: அளவுக்கு மீறிய மெஷினை 26 இல் வைத்தால் அது இன்னும் அடிக்கடி நிற்கும், நீரை இன்னும் குறைவாகப் பிழியும். அதற்காகவே ரிமோட்டில் தண்ணீர்த்துளி அடையாளம் போட்ட உலர்த்தும் முறை இருக்கிறது. மாரியில், வெக்கை இல்லாமல் புழுக்கம் மாத்திரம் உள்ள இரவுகளில் அதைப் போடுங்கள். மற்ற நாட்களில் உள் விசிறியை ஆகக் குறைந்த வேகத்தில் வையுங்கள். காற்று மெதுவாகப் போனால் கொயில் கூடுதலாகக் குளிர்ந்து கூடுதல் நீரை இறக்கும். காலையில் எழுந்ததும் குளிராக்குவதை நிறுத்தி, விசிறி மாத்திரம் ஓடும் முறையில் அரை மணித்தியாலம் விட்டு, கதவையும் யன்னலையும் திறந்து வைத்தால் பெட்டியின் உட்புறம் காய்ந்துவிடும். இந்த ஒன்றைச் செய்தாலே உங்கள் ஐந்து நிமிட மணத்தில் பெரும்பகுதி போய்விடும் என்பது என் அனுபவம். மாரியில் உடுப்புக் காயவில்லை என்று அந்த அறையில் கொடி கட்டுவதை மாத்திரம் விட்டுவிடுங்கள், ஒரு வாளி உடுப்பிலிருந்து இரண்டு மூன்று லீற்றர் தண்ணீர் அறைக்குள் ஏறும். வடியை இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கழுவி, நிழலில் முற்றாகக் காயவைத்துப் பூட்டுங்கள். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுதி கூடுதலாதலால் கிழமைக்கு ஒரு தடவை. மெத்தையையும் அலுமாரியையும் வெளியே எடுத்துக் காயவைக்கவும் அந்த மாதங்களே தோதானவை.

காசு கையில் சேரும்போது, இந்த 18,000 மெஷினைக் கூடத்துக்கு மாற்றிவிட்டு, படுக்கையறைக்கு 9,000 அல்லது 12,000 இன்வேட்டர் ஒன்றைப் பூட்டுங்கள். அதற்கு அவசரமில்லை. துவாரங்களை அடைப்பதும் முழுமையான கழுவலும் முதலில் நடக்கட்டும். துவாரங்களைச் சீமெந்து வைத்து நிரந்தரமாக மூடாமல், இரவில் பொருத்திப் பகலில் கழற்றக்கூடிய பலகையால் மூடுங்கள். மூன்று பேர் படுக்கிற அறைக்குப் பகலில் நல்ல காற்று வேண்டும்.

மகனைப் பற்றி நான் சொல்லக்கூடியது குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட உள்ளகக் காற்று வழிகாட்டல்கள், ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்போரிடம் சுவாசக் கோளாறுகளும் தொய்வும் கூடுதலாகக் காணப்படுவதை எடுத்துரைக்கின்றன. இவ்வளவு பூஞ்சணம் வரை பாதகமில்லை என்று ஓர் எல்லையை அவை வகுக்கவில்லை. ஈரத்தைத் தடுப்பதையே வழியாகச் சொல்கின்றன. ஆகவே கழுவல் முடியும் வரை அவனை வேறு அறையில் படுக்கவையுங்கள், அடுத்த கிளினிக்கில் சுவரைப் பற்றியும் ஏ.சி. மணத்தைப் பற்றியும் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கடைசியாக, சிறிய ஈரப்பதன்மானி ஒன்றை வாங்கி மகனின் கட்டிலுக்கு அருகே, ஏ.சி. காற்று நேராகப் படாத இடத்தில் வையுங்கள். விடியற்காலையில் கதவைத் திறப்பதற்கு முன்னர் அது காட்டும் எண்ணை இரண்டு கிழமைக்குக் குறித்து வாருங்கள். 60 வீதத்துக்குக் கீழே நின்றால் காற்றின் ஈரத்தால் சுவரில் பூஞ்சணம் திரும்ப வருவது அரிது. 70 ஐத் தாண்டினால் மெஷினைக் குறை சொல்வதற்கு முன்னர் துவாரங்களையும் குழாய்த் துளையையும் இன்னொரு தடவை பாருங்கள்; அப்படியும் இறங்காவிட்டால் அந்த எண்களோடு எனக்கு எழுதுங்கள்.